ஓடிப்போனவன் என்று எழுதியவர்கள்

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில், கரையோர ஊர் ஒன்றில், முன்னாள் போராளிகள் சங்கத்தில் இருபத்தொரு வருடமாகத் தட்டச்சு வேலை பார்த்தவர் பெர்லா தின்சாய். ஜப்பானியரை எதிர்த்து மலையில் ஒளிந்து போரிட்டவர்களின் சங்கம் அது. பாதிப் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "நாமளும் போயிட்டா இதெல்லாம் கரையானுக்குத்தான்" என்று தலைவர் மெல்கோர் சொல்ல, பின்னறையை அருங்காட்சியகமாக்க முடிவானது.

பெர்லா வீடு வீடாக ஏறி இறங்கினார். தண்ணீர்க் குடுவை, ஓட்டை விழுந்த தொப்பி, ஒற்றைச் செருப்பு என்று எது கிடைத்தாலும் கொடுத்தவர் பெயரெழுதிச் சீட்டுக் கட்டினார். மலை முகாமில் இருந்த வைத்தியரின் தங்கை மகள் ஒரு மருந்துத் தகரப்பெட்டி கொடுத்தாள். துடைக்கும்போது அடித்தாளுக்குக் கீழே ஒரு குறிப்பேடு அகப்பட்டது. அதில் வைத்தியர் எழுதியிருந்தார்: "காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா தீர்ந்துவிட்டது. இன்று செவேரோவைக் கடற்கரைக்கு அனுப்பினேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருக்கிறேன்."

பெர்லா போர்க்காலப் பெயர்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அதில் செவேரோவின் பெயர்மேல் சிவப்புக் கோடு கிழித்து, குறிப்பில் இருந்த அதே தேதியிட்டு, "ஓடிப்போனவன்" என்று எழுதியிருந்தது. உண்மை தெரிந்த வைத்தியர் அடுத்த வாரமே குண்டடிபட்டு இறந்துபோனார். செவேரோ திரும்பவே இல்லை. அவர் மனைவி சலூத் நாற்பத்து மூன்று வருடமாகச் சங்கத்து வாசலை மிதித்ததில்லை.

மெல்கோர் குறிப்பைப் படித்துவிட்டுப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "கோடு போட்டது நான்தான், பெர்லா. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா அடிச்சுடு."

"கிழிக்க மாட்டேன், மனோங்," என்றார் பெர்லா, அண்ணன் முறை வைத்து. "நாம பண்ணின தப்பும் இங்க இருக்கணும். பக்கத்துலயே இதையும் வைப்போம். நீங்க முதல்ல சலூத்தைப் பார்க்கச் சந்தைக்குக் கிளம்புங்க."

சந்தையில் சலூத், ஓலையில் சுற்றிய ஒட்டரிசிக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார். "தலைவருக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார், நிமிராமலே. மெல்கோர் தொப்பியைக் கழற்றினார். பெர்லாதான் படித்துக் காட்டினார்.

"இன்னொரு தரம் படி."

மூன்றாம் தரம் படிக்கையில் சலூத் கைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். "போற வழியில வீட்டுக்கு வந்தாரு. எங்க போறேன்னு எங்கிட்டயும் சொல்லலையே, பாவி மனுஷன்."

"என்னை மன்னிச்சுடு, சலூத்."

"அதை அப்புறம் பார்க்கலாம். வெயில்ல நிக்காதே, உக்காரு." முக்காலியைக் காலால் தள்ளினார்.

திறப்பு நாளன்று சலூத் வந்தார். செவேரோவின் கல்யாணச் சட்டையை மடித்து எடுத்து வந்திருந்தார். "சீட்டுல என்னன்னு எழுதட்டும், மனாங்?" என்று பெர்லா அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"மருந்து வாங்கப் போனவர்னு எழுது."

எழுதி முடித்ததும் சலூத் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அவர் சந்தைக்குப் போகவில்லை.