ஒலிவாங்கி இல்லாத பேருரை

எங்கள் ஆய்வு மையத்தின் முதலாவது ஆண்டுப் பேருரை தொடங்கியதுமே மின்சாரம் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரியைப் பார்த்த மண்டபம். மையத்தின் ஆய்வு விருதைப் பெறுபவரே அந்தப் பேருரையை ஆற்ற வேண்டும்; அன்று விருது பெற்றவர் ஒலிவாங்கியை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்குரலில் பேசினார். சன்னல் காற்றும் அவர் குரலும் கலந்து வர, நாங்கள் விழித்தபடியே கனவு கண்டுகொண்டிருந்தோம். அதன் பிறகு, மின்சாரம் இருந்தாலும் எவரும் ஒலிவாங்கியைத் தொடவில்லை. யாரும் தீர்மானம் போடாமலே அது வழக்கமாகிவிட்டது. விருது ஆய்வுக்கா தொண்டைக்கா என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அந்த விருது என்னைத் தேடி வந்தபோது என் தொண்டையில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. குரலில் பாதி காற்று.

"இஞ்சேருங்கோ, மைக் ஒண்டு வைக்கச் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"தேவையில்லை. எல்லாருக்கும் உள்ள வழக்கம்தானே எனக்கும்."

அவள் தலையாட்டினாள். சிகிச்சைக்குப் பிறகு நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறாள். ஒருவழியாக என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமற் போயிற்று என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

கடலேரி மீன்பிடியைப் பற்றியதுதான் என் உரை. குருநகர் மீனவக் குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. அவர்கள் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசப் பேச அவர்களுடைய முகங்கள் வெறுமையாகவே இருந்தன.

"ஐயா, எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண்.

மைக் கேட்க என் வீம்பு விடவில்லை. அவளே தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "எங்கடை கதையெல்லோ, நாங்கள் கேக்க வேணும்" என்றாள். மற்றவர்களும் கதிரைகளோடு வந்தார்கள். யாரோ மின்விசிறிகளை நிறுத்தினார். முழங்கால்கள் இடிபடும் நெருக்கத்தில் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். மனைவியும் அந்த நெருக்கத்துக்குள் வந்துவிட்டாள். பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல மெல்லச் சொன்னேன். வெளியே நீர் அசைவது கேட்டது. பேசுவது நானா, நீரா என்று எனக்கே மயக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு முதல் பேருரைக்குக் கதிரைகளை வட்டமாகத்தான் போடுகிறார்கள்.

அன்று வீடு திரும்பும்போது ஓட்டோவில் மனைவி அழுதாள்.

"கனநாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் நீங்கள் கதைச்சது எனக்கு முழுக்கக் கேட்டது."

"அப்ப வீட்டிலை தலையாட்டினது?"

அவள் என் வாயருகே காதைக் கொண்டுவந்தாள். நான் திரும்பவும் கேட்டேன்.

"கேக்கேல்லை எண்டால் உங்கடை மனம் நொந்துபோகும் எண்டு பயம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள். தன் கதிரையை என் கதிரையோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"இவ்வளவு நாளும் என்ன சொன்னனீங்கள்? இப்ப சொல்லுங்கோ" என்றாள்.