பத்துக்கு எட்டுப் பொருத்தம்

லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடை. மகளின் சாதகத்தோடு ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே, "உங்கட பிள்ளை லோயர் எண்டால் நல்லதுதானே" என்கிறார்.

காலையில்தான் மகள் போனில் இன்னொன்றும் சொன்னாள். அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் பழமைவாதக் கட்சியில் அவள் நகரசபை வேட்பாளர். அகதியாகப் போன நான் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் தராசையே பார்க்கிறார். "நானும் இங்க அந்தப் பக்கத்துக்குத்தான் வோட் போடுறன், அண்ணை. வெளியில சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப பொருத்தம்தானே?"

"எனக்கும் உங்கட பிள்ளைக்கும் பொருத்தம். மகன் மற்றக் கட்சிக்கு வீடுவீடா நோட்டீஸ் குடுக்கிறவன்."

பத்துக்கு எட்டு என்று சாதகம் பார்த்த சாத்திரியார் எழுதிய தாளை மறுபடி விரிக்கிறோம். பொருந்தாத இரண்டும் எவை என்று பார்க்க வேண்டும்.