யானை பார்க்கப் போன பணிப்பாளர்

மூன்று விளம்பரப் புத்தகங்கள். வழவழப்பான தாள், அட்டையில் மஞ்சள் புல்வெளி, அதன் நடுவே ஒரு யானை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் திருகோணமலை நகரத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். கொழும்பிலிருந்து தபாலில் வந்த அந்தப் புத்தகங்களை உறை பிரித்துப் பணிப்பாளரின் மேசையில் வைத்தவள் நான்தான். இன்றைக்கும் யாராவது ஆப்பிரிக்காவுக்குச் சஃபாரி போய் வந்தோம் என்று படம் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய் வந்தவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கோபத்துக்கு அதெல்லாம் விளங்குவதில்லை.

பணிப்பாளர் கொழும்புத் தமிழர். இனிக்க இனிக்கக் கதைப்பார். ஆவணியில் அவருடைய கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறது, மனைவியோடு மூன்று கிழமை ஆப்பிரிக்காவுக்கு யானை பார்க்கப் போகிறார். எந்த முகாமில் தங்குவது என்பதுதான் பிரச்சினை. ஒன்று மலைச்சரிவில் நீச்சல் தடாகத்தோடு கட்டிய பெரிய விடுதி. இன்னொன்று வேலி போட்ட கூடாரங்கள், பக்கத்திலேயே விமானம் இறங்கும் திடல். மூன்றாவது எட்டே எட்டுக் கூடாரம், வேலி கிடையாது, முன்னால் ஒரு குளம். மூன்றையும் ஒப்பிட்டு என்னை ஓர் அட்டவணை அடிக்கச் சொன்னார். சல்லிக் கிராமத்தில் எத்தனை குடிசைக்குக் கூரைத்தகடு வேண்டும் என்று நான் முன்பு அடித்துக் கொடுத்த அட்டவணையை அவர் ஒருநாளும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அதே கிழமையில் இன்னொரு தாளும் அவருக்காகக் காத்திருந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் தம்பலகாமம். அத்தான் அங்கே மூன்று ஏக்கரில் சிறுபோக நெல் செய்திருந்தார். கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கும். அதைத் திருப்ப நெருப்பும் வெடியும்தான் வழி. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு வயலில் வெளிச்சம் கூடாது, நெருப்பு கூடாது, வெடி அறவே கூடாது என்பது இராணுவத்தின் கட்டளை. காவலுக்கு நிற்கிறவர்களுக்கு எங்கள் பணிப்பாளர் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தால், அறுவடை முடியும்வரை நெருப்பு மூட்டப் பாஸ் கொடுப்பார்கள். முந்தைய பணிப்பாளர் வருடா வருடம் வைத்துக் கொடுத்தவர். அத்தானோடு சேர்த்து வயல் செய்கிற ஆறு கமக்காரரின் பெயர், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம், எல்லாம் இணைத்தாயிற்று. மிச்சம் ஒரு கையெழுத்து.

நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாளை நேரே நீட்டாமல், விளம்பரப் புத்தகங்களுக்குக் கீழே, ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோனேன். பெரிய ஆட்களின் மனம் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் எதையும் நீட்டவேண்டும் என்று கந்தோர்களில் வேலை செய்த நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். அதற்கும் மேலே போய், யானையைப் பற்றித் தெரிந்தவர் என்று அத்தானையே கூட்டிவந்து அவர் முன்னால் இருத்தினேன். முகாமைத் தேர்ந்துகொடுத்தால் அந்தச் சந்தோசத்தில் கையெழுத்து விழும் என்பது என் கணக்கு.

அத்தான் கதிரையின் நுனியில் இருந்து மூன்று புத்தகத்தையும் நிதானமாகப் புரட்டினார்.

"ஐயா, இந்த மலையில இருக்கிறது வேண்டாம். ஆக்கள் குளிக்கத் தண்ணி கிடக்கு, யானை குடிக்கத் தண்ணி இல்ல. ஆவணியில அது தண்ணிய விட்டு அங்கால போகாது. வத்தாத குளம் எதுக்குக் கிட்ட கிடக்கோ, அதைப் பிடியுங்கோ. வேலி போட்ட இடமும் வேண்டாம். பத்து வாகனம் இரைஞ்சாலும் நிக்காது, சின்ன இடமாப் பாருங்கோ."

பணிப்பாளருக்கு முகமெல்லாம் பல்லு. "பிள்ளை, கேட்டீரே? உடனே ஃபாக்ஸ் அடியும், எட்டுக் கூடாரத்துக்கு."

அடித்துவிட்டு வந்து, பேனையையும் திறந்து அந்தத் தாளை நீட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்தார். "இது ஆமி விசயம். நிதானமாப் படிக்க வேணும். வந்து பாப்பம், மூண்டு கிழமைதானே."

"ஐயா, யானைக்கு லீவு இல்லையே" என்றார் அத்தான்.

பணிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பகிடியை அன்று பின்னேரம் கொழும்புக்குத் தொலைபேசியில் இரண்டு பேருக்குச் சொன்னதையும் நான் கேட்டேன். கையெழுத்து வைக்கவில்லை. அவர் இல்லாதபோது வேறு யாருடைய கையெழுத்தையும் இராணுவ முகாமில் எடுக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கதவை மறித்து நின்றிருக்கவேண்டும் நான். "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த "ஓம் சேர்" இன்னும் என் வாயில் கசக்கிறது.

அவர் போய்ப் பன்னிரண்டாம் நாள் காலை அக்கா ஆளனுப்பினாள். முந்திய இரவு யானை இறங்கியிருக்கிறது. அத்தானிடம் இருந்தது ஒரு வெறும் தகரமும் ஒரு தடியும். இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அதன் முன்னாலேயே ஓடியிருக்கிறார். விடிந்து இராணுவம் பாதை திறக்கும்வரை காத்திருந்து, உழவு இயந்திரப் பெட்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். மூன்று ஏக்கரிலும் அரிவாள் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

பணிப்பாளர் கறுத்து, மெலிந்து, சந்தோசமாகத் திரும்பிவந்தார். பெரிதாக்கிய படம் ஒன்றைத் தந்து, "உம்மட அத்தானிட்டக் குடும். அவர் சொன்ன இடம் அச்சொட்டு" என்றார். நடந்ததைச் சொன்னேன். "அட, அவசரம் எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, கோப்பைக் கேட்டு வாங்கி, ஆறு பேருடைய பெயருக்குக் கீழேயும் அழகாகக் கையெழுத்து வைத்துத் தந்தார். அந்தத் தாளை என்ன செய்தேன் என்று நினைவில்லை. கிழித்திருந்தால் எவ்வளவோ நல்லது.

படத்தை மட்டும் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி அதை நெடுநேரம் பார்த்தார். கூடாரத்துக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு நெருப்பு எரிகிறது. சுற்றிவரக் கதிரைகள், மரத்துக்கு மரம் விளக்கு. அதற்கு அப்பால், குளத்தின் அந்தக் கரையில், ஏழெட்டு யானைகள் தங்கள் பாட்டில் நிற்கின்றன.

"அங்கயே நிக்குது, கிட்ட வரேல்ல" என்றார். பிறகு விரலால் அந்த நெருப்பைத் தொட்டுக்காட்டி என்னைக் கேட்டார்.

"இதுக்கு இவையள் ஆரிட்டப் பாஸ் எடுத்தவையாம்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.