ஃபோன் த கோம் குகையில் அக்காவுக்குக் காவல்

இருபது வருடமாகக் கரும்பலகையில் ஒரே காட்டெருமையை வரைந்துகொண்டிருந்தேன். கருவடிக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர் நான். வருடத்தின் முதல் வகுப்பு எப்போதும் ஆதிமனிதரின் குகை ஓவியம்தான். அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு 2006 செப்டம்பரில் வந்தது, அதுவும் அக்காவின் புண்ணியத்தில்.

மகளின் பிரசவத்துக்காக அக்கா பாரிஸ் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அரியாங்குப்பத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். தனியாக விமானம் ஏறித் திரும்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாடுகளை மாமா பார்த்துக்கொள்ள, அக்காவை அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள ஃபோன் த கோம் குகைக்கு முன்பதிவு செய்யச் சொல்லி அக்காவின் மருமகனுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு இடம் கிடைத்தது. சனிக்கிழமை குகைக்கு விடுமுறை, ஞாயிறு எங்களுக்கு விமானம். வெள்ளியை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது.

வியாழக்கிழமை காலை பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். ஒருவருக்கு அறுபத்திரண்டு யூரோ. பெரிகேயில் வண்டி மாறி லெ எய்சி என்ற சின்ன ஊரில் இறங்கியபோது மாலை நான்கு. தங்கும் விடுதி அறைக்கு நாற்பத்தைந்து யூரோ. அக்கா மகள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு இருந்ததால் சாப்பாட்டுச் செலவு இல்லை. வீடுகளின் தலைக்கு மேல் பாறை தொங்குகிற ஊர் அது. "இது நம்ம தலைல வுழுந்துடாதா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டாள்.

மறுநாள் விடுதியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் போனோம். சீட்டு ஆறரை யூரோ. பைகளை அங்கேயே வைத்துவிட வேண்டும். அதன்பிறகு மேட்டில் பத்து நிமிட ஏற்றம். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி ஐம்பது வயதுப் பெண்மணி, பிரெஞ்சில் மட்டும் பேசினார். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து நான் சமாளித்தேன். குகை வாசலில் அவர் ஒரு விதியைச் சொன்னார். கை பட்டால் ஓவியம் கெடும். யாராவது ஒருவர் சுவரைத் தொட்டாலும் அந்த நிமிடமே மொத்தக் குழுவும் வெளியே.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். கோயில் படி, தேர் வடம், புது மூட்டை அரிசி, கீழே விழுந்த புத்தகம், எதுவானாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. வில்லியனூர் தேர்க் கூட்டத்தில் நசுங்கினாலும் வடத்தைத் தொடாமல் வீடு திரும்பியதில்லை. விஷயத்தைத் தமிழில் சொல்லி, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"நான் என்ன சின்னப் புள்ளையா? நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

உள்ளே நல்ல குளிர். ஓர் இடத்தில் வழி மிகவும் குறுகி, உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. நான் அக்காவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, அவள் கைகளையே பார்த்தபடி நடந்தேன். உண்மையைச் சொன்னால், முதல் கால் மணி நேரம் ஓவியம் எதையும் பார்க்கவில்லை. அக்காவின் பத்து விரல்களைத்தான் பார்த்தேன்.

பிறகு வழிகாட்டி நின்று டார்ச் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் இரண்டு மான்கள் எழுந்துவந்தன. ஒன்று மண்டியிட்டிருக்க, மற்றொன்று குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நம்ம வூட்டு ரெண்டும் சாயங்காலம் இப்பிடித்தான்டா நக்கிக்கும். வரைஞ்சவன் மாட்ட நல்லா கவனிச்சிருக்கான்." முந்தானையை அவள் விடவே இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்து விளக்கு திரும்பியதும் காட்டெருமை. கருப்பும் சிவப்பும், பாறையின் புடைப்பே அதன் திமில். இருபது வருடமாக அந்த முதுகுக் கோட்டை நான் தப்பாக வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் யாரோ என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்கள்.

"டேய். கைய எடு."

மாட்டுக் காம்பு பிடித்துப் பழகிய பிடி. என் வலது கை எனக்கே தெரியாமல் சுவரை நோக்கிப் போயிருந்தது. ஒரு சாண்தான் பாக்கி. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான், வேறெதற்கு?

வழிகாட்டி பேச்சை நிறுத்தினார். விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தார், பிறகு என் கையில், பிறகு அக்காவின் முகத்தில். மற்ற பத்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் போச்சு, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்து, "மெர்சி, மதாம்" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவு நிம்மதியை என் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்தபோதுகூட அனுபவித்ததில்லை. மீதி அரை மணி நேரமும் அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. அதனாலேயே என்னால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுகிறார்கள், ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் அந்த ஏற்றத்தை நிதானமாக ஏற வேண்டும். குறுகலான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் யோசித்துப் போங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நடப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

ஊருக்கு வந்தபின் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "தொட்டுப் பாத்தியா?" என்பதுதான். இல்லை என்று சொல்வேன், அது பொய்யும் இல்லை. பக்கத்தில் இருந்தால் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். அந்த ஒரு சாண் கதையை அவள் இன்றுவரை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. நானாகத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.