போடிமெட்டு இறக்கத்தில் ஒரு தேங்காய்

"...அதுக்குத்தான் சொல்றேன், காயை டிக்கியில வைக்காதீக. செருப்பு கெடக்குற எடத்துலயா சாமி காயை வைக்கிறது? நல்லாருக்கே கதை."

சொன்னவர் என் மதினி. இடம், பிள்ளையார்பட்டி கோயில் வாசல். போன சனிக்கிழமை காலை.

அண்ணன் ரிடையர் ஆன கையோடு ஒரு கார் வாங்கியிருக்கிறார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் அவர் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் ஷோரூமே கூசும். செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. கழற்றி டிக்கியில் போட்டுவிட வேண்டும். ஓட்டுகிற அவரும் வெறுங்கால்தான்.

முதல் நெடும்பயணம், போடிமெட்டு வழியாக மூணாறு. கிளம்பும்போது பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய். பத்திரமாகத் திரும்பியதும் இன்னொன்று. அந்த இரண்டாவது காயும் எங்களோடு மலை ஏறி இறங்க வேண்டும் என்பது மதினியின் கணக்கு.

"கூட வந்து பாக்கட்டும் தம்பி. அப்பத்தான் என்னத்துக்கு ஒடையிறோம்னு அதுக்குத் தெரியும்."

இப்படிப் பேசுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், பத்தி எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? காய் மஞ்சள் பைக்குள் போனது. பை மதினியின் மடிக்குப் போனது.

நாங்கள் சமவெளி ஆட்கள். எங்கள் பக்கம் மலை என்றால் குன்றக்குடி. மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். போடியைத் தாண்டியதும் சாலை சுருண்டுகொண்டு மேலே போனது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்... ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைப் பார்க்கத்தான் ஊர் ஊராக வருகிறார்கள். பார்த்தேன். தூரத்தில் போடி ஊர், யாரோ கொட்டிவிட்டுப் போன தீப்பெட்டிகள் மாதிரிக் கிடந்தது.

மூணாற்றில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் மதியம் இறங்கினோம். போடிமெட்டில் மதினி ஏலக்காய் வாங்கினார். வாசனை பிடித்துவிடும் என்று சேலைப் பைக்குள் வைக்க மனமில்லை. மஞ்சள் பையில் ஏலக்காய் ஏறியது. காய் இறங்கியது, அண்ணன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் காலடிக்கு. அப்போது எங்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஏறும்போது பின்னால் உருள்கிற பொருள், இறங்கும்போது எந்தப் பக்கம் உருளும்? பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான்.

மேகம் சாலையின் குறுக்கே வந்து படுத்திருந்தது. அண்ணன் நிதானமாகத்தான் ஓட்டினார். நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியிருப்போம். திடீரென்று, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்:

"டேய், பிரேக் எறங்கலைடா."

கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"நல்லா மிதிண்ணே."

"மிதிக்கிறேன்டா. அடியில என்னமோ கெடக்கு. நார் மாதிரி கால்ல குத்துது."

மதினி காலடியைத் தடவிப் பார்த்தார். "ஐயோ, காயைக் காணோம்."

அடுத்த வளைவு தெரிந்தது. வளைவுக்குக் கீழே ஒரு ஜீப்பின் ஹாரன். அண்ணன் கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது. அண்ணனுக்குப் பக்கத்து சீட்டிலிருந்த நான் குனிந்தேன்... சீட் பெல்ட் என்னைப் பிடித்து நிறுத்தியது. உயிரைக் காப்பாற்றுகிற பெல்ட், சரியாக அந்த நேரம் பார்த்து! தடவித் தடவி அதை அவிழ்த்தேன். தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொடுத்து, அண்ணன் காலிடுக்கில் கையை விட்டேன். அந்த நிமிஷம் எனக்குச் சாலை தெரியாது. வண்டி சாய்வது மட்டும் உடம்பில் தெரிந்தது. இனி எந்த நொடி சக்கரத்துக்கு அடியில் தரை இல்லாமல் போகும்?

கையில் அகப்பட்டது குடுமி. சாமி காய்க்குக் குடுமியை எடுக்க மாட்டார்கள் அல்லவா? பிடித்து இழுத்தேன். ஒரு காய் வெளியே வந்தது. ஒரு பிரேக் உள்ளே போனது.

வண்டி நின்றபோது முன் சக்கரம் தடுப்புச் சுவரை ஒட்டியிருந்தது. முழங்கால் உயரச் சுவர். அந்தப் பக்கம் வெறும் மேகம். ஜீப் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஜின் அணைந்துவிட்டது. ஏலக்காய் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அதைத் தூக்கிப் பள்ளத்துல எறி" என்றார் அண்ணன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.

"அதுக்குக் குடுமி இல்லாட்டி தம்பி எதைப் பிடிச்சு இழுத்திருப்பாக?" என்றார் மதினி.

"அது இல்லாட்டி இழுக்குற வேலையே இல்லையே."

இருவர் சொன்னதும் சரிதான். பயத்துக்குத் துணையாக எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். எதை எடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசிக்கிறோம். எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை.

மதினி என் கையிலிருந்த காயை வாங்கிக்கொண்டு இறங்கினார். வெறுங்காலோடு பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். முந்தானையால் தரையைத் துடைத்து, காயை ஒரு மூலையில் துண்டு சுற்றி உட்கார வைத்தார்.

பிறகு எங்கள் மூவரின் செருப்புகளையும் அள்ளிக்கொண்டு வந்து, மடியில் வைத்தபடி காரில் ஏறி உட்கார்ந்தார்.