ஐந்தாவது முடிச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். பிணவறைக்குத் தனியாகப் போய் பல்பு மாற்றுகிற ஆள். அப்படிப்பட்ட நானே இன்றும் முடிச்சுப் போட்ட கயிற்றைத் தொடுவதில்லை.

பதினோரு நாள் பாதயாத்திரை. கடைசி நாள் காலை 6.10. கோயிலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். நடந்து முடித்தவர்கள் வாசல் மணியை ஒரு முறை அடிப்பது வழக்கம். மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். நீட்டிய கை தெரியவில்லை.

எங்களை அழைத்துப் போகும் நர்ஸக்கா ஒரு கயிற்றை எடுத்தார். அதில் ஆறு முடிச்சு. ஆளுக்கொன்றைப் பிடித்து நடக்க வேண்டும். அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்.

"அஞ்சாவதை யாரும் பிடிக்காதீங்க. காலியா வரட்டும்."

காரணம் சொல்லவில்லை.

நான் கடைசி முடிச்சு. என் மைத்துனன் நான்காவது. இதய ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்தான். காலில் வேறு கொப்புளம். 'என் தம்பிய முழுசா கூட்டிட்டு வாங்க' என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

மூட்டத்துக்குள் நுழைந்ததும் அவன் நைசாக ஐந்தாவதுக்கு மாறினான்.

"நர்ஸக்கா திட்டுவாங்கடா."

"தெரிஞ்சாத்தானே மாமா. நான் விழுந்தா நீங்கதான் மெத்தை."

சிரித்தேன். விட்டுவிட்டேன்.

டக்... சர்ர். டக்... சர்ர். அவன் நொண்டும் சத்தத்தைக் கேட்டபடியே நடந்தேன்.

6.25. சத்தம் மாறியது. டக். டக். டக்.

"கால் வலி எப்படிடா இருக்கு?"

"இல்ல."

குரல் கரகரத்தது. குளிர், என்று நினைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் உட்காரலாமா?"

"வேணாம். இந்த வாட்டி உட்கார மாட்டேன்."

இந்த வாட்டியா? இவனுக்கு இதுதானே முதல் யாத்திரை...

அப்போது கேட்டது.

டக்... சர்ர்.

எனக்குப் பின்னால்.

கயிறு முன்னாலும் இழுபட்டது. பின்னாலும் இழுபட்டது.

நான் திரும்பவில்லை.

6.52. முன்பக்கம் கயிறு தளர்ந்தது.

ணங்...

மூட்டம் விலகியது. எதிரே கோயில் வாசல். ஐந்தாவது முடிச்சில் யாரும் இல்லை. மைத்துனன் கயிற்றின் வால்நுனியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கப் பின்னால் நின்றான்.

"செருப்பு அறுந்துதுன்னு குனிஞ்சேன். நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போறீங்க. எவ்ளோ கத்தினேன்... யார்கூட மாமா பேசிட்டு வந்தீங்க?"

நர்ஸக்கா அந்த முடிச்சைத் தொட்டார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"போன வருஷம் இதைப் பிடிச்சவரு, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்னு கையை விட்டாரு. சாயங்காலம்தான் உடம்பு கிடைச்சுது. இந்த வாசலைப் பார்க்கவே இல்ல."

வாசலில் மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

எங்களில் யாரும் அதைத் தொடவில்லை.