பிறவியா, சகவாசமா

வரலாறு நடத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் அது எங்கே தொடங்கியது என்று ஆரம்பித்துவிடுவோம். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டிலும் அதைச் செய்யப்போய்த்தான் இந்த வருடம் வெட்கப்பட்டு நிற்கிறேன்.

என் தம்பிக்கு நாற்பது நெருங்குகிறது. மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன பொங்கலுக்கு அம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, தனக்குப் பெண் பார்ப்பதை நிறுத்தும்படி சொன்னான். தனக்கு ஆண்களிடம்தான் நாட்டம், கூட ஒருவர் இருக்கிறார், இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்றான். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். உள்ளே விசாரணை தொடங்கியது.

அவன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்த வினை என்று அம்மா அழுதாள். என் வீட்டுக்காரர் பழியைச் செல்போன்மேல் போட்டார். பெரியப்பாவுக்குப் பழிபோட ரிக் லாரி கிடைத்தது. தம்பி வாலிபத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சில வருடம் வடக்கே போயிருந்தான். "பொம்பளையே கண்ணுல படாத காட்டுல ஆம்பளைங்களாவே கெடந்தா வேறென்ன ஆகும்? எல்லாஞ் சகவாசம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்களுந்தான ரிக்குல போனீங்க பெரியப்பா? உங்களுக்கு நாலு புள்ளைங்க பொறக்கலீங்களா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டேனா? பாடமே எடுத்துவிட்டேன். இப்படிப்பட்டவர்கள் இல்லாத நாடும் இல்லை, காலமும் இல்லை என்றேன். ஒரு நாட்டில் தூக்கில் போடுகிறார்கள், இன்னொரு நாட்டில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள், ஆட்கள் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் பிறக்கிறார்கள் என்றேன். நம் ஊரில் இதைக் குற்றமாக்கிய சட்டமே வெள்ளைக்காரன் எழுதியது, கோர்ட்டும் அதைத் தள்ளிவிட்டது என்றேன். பிறவி, பிறவி என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. ஜெயித்துவிட்ட திருப்தியில் இரண்டு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "எல்லாங் கேட்டுட்டுதானிருந்தேன். நீ ஒருத்திதாங்க்கா எனக்காவப் பேசுன" என்றான். பிறகு தயங்கி, "ஒரு நாளைக்கு அவர உங்க ஊட்டுக்குக் கூட்டியாரட்டுமா?" என்று கேட்டான்.

உலகம் முழுக்கச் சுற்றிவந்த என் வாய் அங்கே நின்றுவிட்டது. "பாக்கலாஞ் சாமி" என்றேன்.

வைகாசியில் என் மகளுக்கு வரன் கூடிவந்தது. கூடவே படித்த பையன். இரண்டு பேரும் விரும்பியதுதான். சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். உறுதி பேச எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் எங்களில் எந்தச் சீரும் நடக்காது என்பதால் தம்பி லீவு போட்டு வந்து, காலையிலிருந்து நாற்காலி போடுவதும் பந்தி பார்ப்பதுமாக இருந்தான்.

எல்லாம் பேசி முடிந்த நேரத்தில் பையனின் அம்மா என் கையைப் பிடித்தார். "ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க தம்பியப் பத்திக் காதுல உழுந்துது. அது பொறவியிலயே வர்றதுங்களா, இல்லீன்னா சகவாசத்துல வந்துதுங்களா? பொறவின்னா நாளைக்கு எங்க பேரம்பேத்திக்கும் வருமில்லீங்களா?"

கெட்ட மனசோடு கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். உள் அறையின் கதவிடுக்கில் என் மகளின் முகம் தெரிந்தது.

"பொறவியெல்லாம் இல்லீங்க" என்றேன். "எங்க வம்சத்துல அப்படி ஒருத்தருமில்லீங்க. ரிக்குல போன எடத்துல சகவாசஞ் சரியில்ல. இப்ப எவ்வளவோ தேவலாமுங்க."

வார்த்தைக்கு வார்த்தை பெரியப்பாவின் கட்சி. எதிரில் உட்கார்ந்திருந்த அவரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பினால், தம்பி காபித் தட்டோடு நின்றிருந்தான். வந்து எல்லோருக்கும் நீட்டினான். என்னிடம் வந்தபோது, "சக்கரை கம்மியாத்தாம் போட்டுருக்குது, எடுத்துக்க்கா" என்றான். தலை நிமிராமல் எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு தன்னோடு இருக்கிறவரைக் கூட்டி வரட்டுமா என்று அவன் கேட்கவே இல்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கல்யாண வேலைமேல் பழியைப் போட்டு நாளைக் கடத்தினேன். அவன் கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவானோ, தாய்மாமன் இடம் காலியாகிச் சபையில் கேள்வி வருமோ என்றுதான் பயந்தேனே தவிர, அவன் மனம் என்ன பாடுபடும் என்று நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

வந்தான். கல்யாணத்துக்குத் தனியாக வந்தான். தாய்மாமன் முறைக்கு மகளின் நெற்றியில் பட்டம் கட்டினான். கை பிடித்து மணவறைக்கு அழைத்துவந்தான். பந்தியில் சம்பந்தியம்மா அவனை நிறுத்தி, "உங்க அக்கா எல்லாஞ் சொன்னாங்க. அந்தச் சகவாசத்தையெல்லாம் உட்டுட்டீங்க தானுங்களே?" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு அது தகும்.

"உட்டாச்சுங்க" என்றான். "அக்கா சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்."

சாயங்காலம் மேட்டூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான். நான் இரண்டு பைகளில் லட்டும் முறுக்கும் போட்டு எடுத்துப் போனேன். வீட்டில் இருக்கிற அவருக்கும் கொடு என்று சொல்லத்தான் நினைத்தேன். சுற்றி ஆட்கள் இருந்ததால் சொல்லாமல் கையில் வைத்தேன். அவன் புரிந்துகொண்டான். ஒரு பையை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒண்ணு போதுங்க்கா. உட்டாச்சுன்னு சொல்லீட்டமில்ல. வாரேன்."

அவன் போன பிறகும் அந்தப் பையோடு மண்டப வாசலிலேயே நின்றேன். சம்பந்தியம்மா வந்து, "இது யாருக்குங்க?" என்று கேட்டார்.

"யாருக்குமில்லீங்க" என்றேன்.